வாடகைக் கட்டுப்பாட்டு வீட்டில் புகைபிடிக்கலாமா? நியூயார்க் நகர வாடகைதாரர்களும் வீட்டு உரிமையாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூயார்க் நகரில் வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு விதித்துள்ள அடுக்குமாடி வீடுகளில் புகைபிடித்தல் பற்றி எழும் சச்சரவுகளில் இரு தரப்பாரும் ஒரே தவற்றைச் செய்வதைப் பார்க்கிறேன். உரிமையாளர், "கட்டடம் என்னுடையது, இன்று முதல் புகை கூடாது" என்கிறார். வாடகைதாரர், "வீட்டுக்குள் நான் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது" என்கிறார். சட்டம் இரண்டையும் ஏற்பதில்லை. அது முதலில் பார்ப்பது இரண்டு தேதிகளை: நீங்கள் குடிவந்த தேதி, கட்டடத்தின் புகைபிடித்தல் கொள்கை வகுக்கப்பட்ட தேதி. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் எது முந்தியது என்பதில்தான் போய் நிற்கின்றன. இவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசுவதே முறை.

என் வீடு வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, 'ரென்ட் ஸ்டெபிலைசேஷன்' எனப்படும் வாடகை நிலைப்படுத்தல். பொதுவாக 1974-க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்கள் இதில் அடங்கும். வரிச்சலுகை பெற்றுக் கட்டப்பட்ட புதிய கட்டடங்கள் சிலவும் உண்டு. நகரில் ஏறத்தாழ 10 லட்சம் வீடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, அதைவிடப் பழைய 'ரென்ட் கன்ட்ரோல்'. 1947 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடத்தில் 1971 ஜூலை 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து குடியிருப்பவர்கள், அல்லது அவர்களிடமிருந்து உரிமை பெற்ற குடும்பத்தினர் மட்டுமே இதில் இருக்கிறார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு. ஐயமிருந்தால் மாநிலத்தின் வீட்டுவசதி மற்றும் சமூகப் புத்தாக்கப் பிரிவிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டுப் பெறலாம். கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

வீட்டுக்குள் புகைபிடிப்பதை நகரச் சட்டமே தடை செய்கிறதா?

இல்லை. தனியார் கட்டடத்தில் உங்கள் வீட்டுக்குள் புகைபிடிப்பதை நகரச் சட்டம் தடுக்கவில்லை. கட்டடத்தின் உட்புறப் பொது இடங்களில், அதாவது நடைவழி, மாடிப்படி, மின்தூக்கி, சலவை அறை, நுழைவுக் கூடம் ஆகியவற்றில் மட்டும் தடை உண்டு. முன்பு இந்தத் தடை பத்து வீடுகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கே இருந்தது. 2018 முதல் மூன்று வீடுகள் உள்ள சிறு கட்டடத்துக்கும் பொருந்துகிறது. மின்சிகரெட்டும் இந்தத் தடையில் அடங்கும். இதில் பழைய வாடகைதாரர், புதிய வாடகைதாரர் என்ற வேறுபாடு கிடையாது. நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரும் மாடிப்படியில் நின்று பற்றவைக்க முடியாது.

அப்படியானால் 'புகைபிடித்தல் கொள்கை' என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன?

2017-ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 147-இன்படி ஒட்டப்படும் அறிவிப்பு அது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள ஒவ்வொரு கட்டடமும் தன் எல்லைக்குள் எங்கே புகைக்கலாம், எங்கே கூடாது என்பதை எழுத்தில் வகுத்து, குடியிருப்பவர்களுக்கும் குடிவர விரும்புபவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 2018 ஆகஸ்ட் 28 முதல் நடைமுறையில் உள்ளது. வீடுகளின் உட்புறம் மட்டுமல்லாமல் பால்கனி, முற்றம், மொட்டைமாடி ஆகியவை பற்றியும் கொள்கை சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும், அல்லது எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். இந்தச் சட்டம் உரிமையாளரைப் புகைபிடிக்கத் தடை விதிக்கச் சொல்லவில்லை. கொள்கை ஒன்றை வகுத்து வெளிப்படையாகச் சொல்லத்தான் சொல்கிறது. "எல்லா வீடுகளிலும் புகைக்கலாம்" என்று எழுதி ஒட்டினாலும் சட்டப்படி கடமை முடிந்தது. கொள்கை வகுத்து அறிவிக்கப்பட்டதா என்பதை நகரம் கேட்கும். அதை மீறி வீட்டுக்குள் ஒருவர் புகைத்தால் நகர அதிகாரி வந்து கதவைத் தட்டமாட்டார். அது உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம்.

நான் 2009-இல் குடிவந்தேன். 2018-இல் கட்டடம் முழுவதும் புகையில்லாக் கட்டடம் என்று அறிவித்தார்கள். என் வீட்டுக்குள் நான் நிறுத்த வேண்டுமா?

உங்கள் முதல் ஒப்பந்தத்தில் புகைபிடிக்கக் கூடாது என்ற வாசகம் இல்லையென்றால், வீட்டுக்குள் அந்தக் கொள்கை உங்களைக் கட்டுப்படுத்தாது. வாடகை நிலைப்படுத்தல் விதிகளின் அடிப்படையே, முடிந்த ஒப்பந்தம் எந்த நிபந்தனைகளோடு இருந்ததோ அதே நிபந்தனைகளோடு அதைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்பதுதான். வாடகை மட்டும் ஆண்டுதோறும் நகரின் வாடகை வழிகாட்டு வாரியம் நிர்ணயிக்கும் விகிதத்தில் உயரலாம். சட்டமே கட்டாயப்படுத்தும் மாற்றங்களைத் தவிர, உரிமையாளர் தம் விருப்பப்படி புதிய கட்டுப்பாட்டைப் புகுத்த வழியில்லை. புகைத்தடையைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

'ரென்ட் கன்ட்ரோல்' வீட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் உறுதியானது. அவர்களில் பலருக்குப் புதுப்பிக்கும் ஒப்பந்தமே கிடையாது. என்றோ முடிந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள்தான் சட்டத்தின் துணையோடு தொடர்கின்றன. புதிய விதியைச் செருக அங்கே தாளே இல்லை.

கட்டுப்பாட்டுக்கு உட்படாத, சந்தை வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு நடப்பு ஒப்பந்தம் முடியும் வரைதான். அடுத்த ஒப்பந்தத்தில் உரிமையாளர் தடையைச் சேர்க்கலாம்.

புதுப்பிப்புப் படிவத்தோடு 'புகையில்லாப் பின்னிணைப்பு' ஒன்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். உறைக்குள் பொதுவாக மாநில அரசின் புதுப்பிப்புப் படிவம் இருக்கும். அதில் ஓராண்டா, ஈராண்டா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஜன்னல் தடுப்பு, ஈயச்சாயம், மூட்டைப்பூச்சி வரலாறு என்று சட்டம் கேட்கும் தாள்கள் இருக்கும். இவற்றின் நடுவே புகைபிடித்தல் பற்றிய தாள் இரண்டு விதமாக வரலாம். "கட்டடத்தின் கொள்கை இது, பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லும் தாள் வெறும் அறிவிப்பு. "நானும் என் விருந்தினரும் வீட்டுக்குள் புகைக்கமாட்டோம் என ஒப்புக்கொள்கிறேன், மீறினால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படும்" என்று சொல்லும் தாள் புதிய நிபந்தனை. பெரும்பாலும் தலைப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வினைச்சொல்லைப் பாருங்கள்.

இரண்டாவது வகைத் தாளில் பழைய வாடகைதாரர் கையெழுத்திட வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் உறையையே திருப்பி அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். புதுப்பிப்பு அறிவிப்பு, ஒப்பந்தம் முடிய 90 முதல் 150 நாள் இருக்கும்போது வர வேண்டும். வந்தபின் உங்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் படிவத்தை நிரப்பி அனுப்பாவிட்டால், புதுப்பிக்க மறுத்ததாகச் சொல்லி வெளியேற்ற வழக்குப் போட உரிமையாளருக்கு வாய்ப்புக் கிடைக்கும். படிவத்தில் கையெழுத்திட்டு, அந்தப் பின்னிணைப்பை மட்டும் கையெழுத்தின்றி விட்டு, "முந்தைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் இது இல்லை" என்று ஒரு வரி எழுதி, பதிவு அஞ்சலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் பதற வேண்டாம். வாடகை நிலைப்படுத்தல் தரும் பாதுகாப்பை வாடகைதாரர் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்புதல் பொதுவாகச் செல்லாது. ஆனாலும் இல்லாத தாளைவிட இருக்கும் தாளை எதிர்த்து வாதாடுவது கடினம்.

நான் சென்ற ஆண்டு புதிதாகக் குடிவந்தேன். ஒப்பந்தத்தில் புகைத்தடை இருந்தது. வீடு வாடகை நிலைப்படுத்தலுக்கு உட்பட்டது. தடை செல்லுமா?

செல்லும். காலியாகும் வீட்டைப் புதியவருக்கு விடும்போது உரிமையாளர் புகைத்தடையைச் சேர்க்கலாம். வாடகைக் கட்டுப்பாடு அதைத் தடுக்கவில்லை. அதன்பின் அந்தத் தடையே உங்கள் 'அதே நிபந்தனைகளில்' ஒன்றாகி, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கூடவே வரும். எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னலோரம் நிம்மதியாகப் புகைக்க, உங்களுக்கு மட்டும் எச்சரிக்கை வருவது அநியாயமாகத் தோன்றலாம். அவர் 1980-களில் வந்தவர், நீங்கள் நேற்று வந்தவர். சட்டம் இந்த ஏற்றத்தாழ்வை அறிந்தே அனுமதிக்கிறது.

புகைபிடிப்பவர் என்ற காரணத்தால் பாகுபாடு காட்டுகிறார்கள் என்றும் வாதிட முடியாது. இனம், மதம், உடற்குறைபாடு போலப் புகைபிடித்தல் வீட்டுவசதிச் சட்டங்களில் பாதுகாக்கப்பட்ட அடையாளம் அன்று. வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான செயல்களுக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நியூயார்க் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதைக் காட்டி வீட்டு உரிமையாளரிடம் வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேலை கொடுப்பவருக்குத்தான், வீட்டு உரிமையாளருக்கு அன்று.

அம்மாவின் பெயரில் இருந்த வாடகைக் குடித்தன உரிமை எனக்கு வருகிறது. புதிய வாடகைதாரர் என்று கருதித் தடை விதிப்பார்களா?

குடும்ப உறுப்பினர் ஒருவர் குறைந்தது ஈராண்டு அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தால், மூத்த குடிமகனாகவோ உடற்குறைபாடு உள்ளவராகவோ இருந்தால் ஓராண்டு வாழ்ந்திருந்தால், உரிமை தொடரும். அவருக்குக் கிடைப்பது அதே வாடகைக் குடித்தனத்தின் புதுப்பிப்பு ஒப்பந்தம். புதிய குடித்தனம் அன்று. ஆகவே நிபந்தனைகளும் அம்மாவின் ஒப்பந்தத்தில் இருந்தவையே.

ஒப்பந்தத்தில் தடை இல்லை. அப்படியென்றால் என் புகை அடுத்த வீட்டுக்குப் போனாலும் யாரும் ஒன்றும் செய்ய முடியாதா?

இங்கேதான் இரு தேதிகளின் கணக்கு முடிந்து வேறு கணக்கு தொடங்குகிறது. வீட்டுக்குள் புகைக்க உங்களுக்கு உள்ள உரிமை, அடுத்தவர் வீட்டைப் புகையால் நிரப்பும் உரிமை ஆகாது. வாடகை நிலைப்படுத்தல் விதிகளிலேயே, அண்டை வீட்டாருக்குத் தொடர்ந்து தொல்லை தருபவரை வெளியேற்ற இடமுண்டு. ஆனால் 'தொடர்ந்து' என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் எடை கொடுக்கின்றன. வாரக்கடைசியில் இரண்டு சிகரெட்டின் வாடை நடைவழியில் வந்தது என்பதற்காகப் பல்லாண்டுக் குடித்தனத்தை முடித்துவிட மாட்டார்கள். கட்டடக் காப்பாளர் பலமுறை சொல்லியும், இடைவெளிகளை அடைக்க வீட்டுக்குள் விட மறுத்து, இரவு பகலாகப் புகை அடுத்த வீட்டின் படுக்கையறையில் தங்குகிறது என்றால் கதை வேறு. கதவடியில் தடுப்புப் பட்டை போடுவதும், ஜன்னலோரம் அமர்வதும், காப்பாளர் வந்தால் கதவைத் திறப்பதும் உங்களைக் காக்கும்.

நான் புகைபிடிக்காதவன். கீழ்வீட்டுப் புகை என் வீட்டுக்குள் வருகிறது. உரிமையாளர் "அவர் பழைய வாடகைதாரர், நான் என்ன செய்ய?" என்று கைவிரிக்கிறார். எனக்கு என்ன வழி?

"என்ன செய்ய?" என்பது பதில் ஆகாது. நியூயார்க் மாநிலத்தின் உடைமைச் சட்டம் 235-பி பிரிவு, ஒவ்வொரு வாடகை வீடும் மனிதர் வாழத் தகுந்ததாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்கிறது. 2006-இல் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் நடந்த பாய்க் எதிர் பிரையன்ட் வழக்கில், அண்டை வீட்டுப் புகை தாங்காமல் ஒப்பந்தம் முடியுமுன் வெளியேறிய குடும்பத்திடம் உரிமையாளர் மீதி வாடகையைக் கேட்டார். பிறர் விடும் புகையும் அந்த உத்தரவாதத்தை மீறியதாகலாம், வாடகைதாரரை வெளியேற்றியதற்குச் சமமாகவும் ஆகலாம் என்று நீதிபதி கூறி, விசாரணையின்றித் தீர்ப்புத் தர மறுத்தார். புகைப்பவர் மூன்றாம் நபர் என்பதால் மட்டும் உரிமையாளர் தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம்.

அதைப் படித்து அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. கனாட் டவர் என்ற கூட்டுறவுக் கட்டடத்தைப் பற்றிய ரைன்ஹார்ட் வழக்கில், கீழ் நீதிமன்றம் 2016-இல் சுமார் 1,20,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகை நாற்றம் தொடர்ந்து, வீட்டை வாழத் தகாததாக்கும் அளவுக்குப் பரவியிருந்தது நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அண்டை வீட்டார் மீதே நேரடியாக வழக்குப் போடுவது இதைவிடப் பலவீனமான வழி. 2011-இல் யூவன் எதிர் மக்கெரோனி வழக்கில் அப்படிப்பட்ட மனு தள்ளுபடியானது.

ஆகவே சான்றுதான் எல்லாம். ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், எந்த அறை, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். உரிமையாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள்; தொலைபேசியில் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். மருத்துவரின் கடிதம் இருந்தால் இணையுங்கள். ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்கள், உடற்குறைபாட்டுக்கான நியாயமான வசதியாக இடைவெளிகளை அடைக்கவோ, கட்டடத்தில் வேறு வீடு காலியானால் மாற்றித் தரவோ கேட்கலாம்.

புகை எப்படித்தான் வருகிறது? கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறதே?

பழைய கட்டடங்களில் வெப்பமூட்டும் நீராவிக் குழாய் அடித்தளத்திலிருந்து மேல்மாடி வரை ஒரே நேர்கோட்டில் ஏறுகிறது. ஒவ்வொரு தளத்திலும் அது தரையைத் துளைத்து வரும் இடத்தில், உலோகத் தட்டு ஒன்றை நகர்த்திப் பார்த்தால், குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழும்போது கீழ்வீட்டுக் காற்று அந்த வழியே வந்து சேரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், மின்செருகுப் பெட்டிக்குப் பின்னால், குளியலறைக் காற்றுப்போக்கியில் என்று இன்னும் வழிகள் உண்டு. நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் ஊதுபத்தி இதற்கு நல்ல கருவி. ஒன்றைப் பற்றவைத்து, திரைச்சீலைகளிலிருந்து விலக்கி, குழாயின் அடியில் அசையாமல் பிடியுங்கள். நேராக எழும் புகைக்கோடு சட்டென்று அறைப்பக்கம் சாய்ந்தால் காற்று அங்கிருந்துதான் வருகிறது. அதைக் கைப்பேசியில் படம்பிடித்து முறையீட்டோடு அனுப்பினால் காப்பாளரும் எந்த இடத்தை அடைப்பது என்று தேட வேண்டியிராது.

அடைத்தால் குறையும், முழுவதும் நிற்காது. காற்றைச் சுத்திகரிக்கும் கருவியாலும் காற்றோட்டத்தாலும் பிறர் புகையின் பாதிப்பை முற்றிலும் நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை சொல்லியிருக்கிறது. ஆனாலும் நீதிமன்றத்தில், ஓட்டையை அடைத்த உரிமையாளரும் அடைக்க மறுத்த உரிமையாளரும் ஒன்றல்ல.

தடையை மீறினால் 250 டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கட்டாவிட்டால் வெளியேற்றுவார்களா?

வாடகை பாக்கி வழக்கில் வாடகையை மட்டுமே கேட்கலாம், கட்டணங்களையும் அபராதங்களையும் அதில் சேர்க்கக் கூடாது என்று 2019-இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. எனவே அபராதம் கட்டவில்லை என்ற காரணத்தால் வாடகை பாக்கி வழக்குப் போட முடியாது. ஆனால் செல்லத்தக்க தடையைத் திரும்பத் திரும்ப மீறுவது வேறு. முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு, பிறகு குடித்தனம் முடிந்ததாக அறிவிப்பு, அதன்பின் நீதிமன்றம் என்று அது நகரும். தீர்ப்பு உரிமையாளர் பக்கம் வந்தாலும் மீறலைத் திருத்த 30 நாள் அவகாசம் உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வெளியேற்ற வழக்குகளில் இலவச வழக்கறிஞர் ஏற்பாட்டை நகரம் 2017-இல் சட்டமாக்கியது. அறிவிப்பு வந்தவுடன் நகரின் உதவி எண்ணான 311-ஐ அழைத்துக் கேளுங்கள்.

கஞ்சா இப்போது சட்டபூர்வம்தானே?

2021 மார்ச் 31 முதல் 21 வயதானவர்களுக்குச் சட்டபூர்வம். சிகரெட் புகைக்கலாம் என்ற இடத்தில் அதையும் புகைக்கலாம். ஆனால் புகையில்லாக் கொள்கை உள்ள கட்டடத்தில் உரிமையாளர் அதை அனுமதிக்க வேண்டியதில்லை. இதிலும் பழைய வாடகைதாரர், புதிய வாடகைதாரர் கணக்கு அதேதான்.

நகர வீட்டுவசதி ஆணையத்தின் பொது வீட்டில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. பொது வீடுகளுக்குக் கூட்டரசின் விதி தனியே உண்டு. 2018 ஜூலை 30 முதல் வீட்டுக்குள்ளும், கட்டடத்திலிருந்து 25 அடி வரையிலும், பற்றவைக்கும் புகையிலை எதுவும் கூடாது. எவ்வளவு காலமாகக் குடியிருந்தாலும் விலக்கு இல்லை.

காலி செய்யும்போது சுவர் மஞ்சளித்திருக்கிறது என்று முன்பணத்தை முழுவதும் பிடித்துக்கொள்வார்களா?

முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த 14 நாளுக்குள், எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று பட்டியலிட்டு மீதியைத் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் புகை படிந்த சுவர் இயல்பான தேய்மானமா, சேதமா என்பதில்தான் வாதம் வரும். குடிவந்த அன்றே சுவர்களைப் படம் எடுத்து வைத்தவர் இந்த வாதத்தில் பாதி தூரம் முன்னால் இருப்பார்.

கடைசியாக ஒன்று. பூஜைக்குச் சாம்பிராணி போட்டால் அதுவும் 'புகைபிடித்தல்' ஆகுமா?

சிரிக்க வேண்டாம், இது உண்மையாகவே வரும் கேள்வி. உள்ளிழுத்துப் புகைப்பதற்காகப் பற்றவைக்கும் பொருள்களைப் பற்றியதே நகரச் சட்டத்தின் விளக்கம். சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதில் வருவதில்லை. ஒப்பந்தத்தில் மெழுகுவத்தி, தூபம் பற்றித் தனி வாசகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலை எடுக்குமுன் சமையலறைப் புகையகற்றியைப் போட்டு, புகை எச்சரிக்கைக் கருவிக்கு நேர் கீழே நிற்காமல் இருந்தால் போதும்.